எங்கள் வேலையைப் பற்றி விவரமாக எழுதுங்கள்: மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆண்டு மதிப்பீடு எழுதும் மேலாளர்களுக்கும், குழுத் தலைவர்களுக்கும், மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம்.

அப்ரைசல் படிவத்தில் 'இந்த ஆண்டு நீங்கள் சாதித்தவை' என்று ஒரு பெட்டி இருக்கும். ஆண்டு முழுக்க ஓடி ஓடி உழைத்தவர்களில் பலர் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்ததும் எழுத ஒன்றுமில்லாததுபோல் விழிக்கிறார்கள். எழுதுகிறவர்களும் "குழுவின் உதவியோடு", "ஓரளவுக்கு", "என்னால் முடிந்த வரை" என்று ஒவ்வொரு வரியிலும் தங்களைச் சுருக்கிக்கொண்டே போகிறார்கள். நீங்கள் அதைப் படித்துவிட்டு, இவருக்குத் தன்னம்பிக்கை போதாது என்று குறித்துக்கொள்கிறீர்கள். கொஞ்ச நாளில் தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அவருக்கு அழைப்பு வருகிறது. அழைப்பைப் பார்த்ததும் அவர் மனதில் முதலில் ஓடுவது, 'சரி, கண்டுபிடித்துவிட்டார்கள்' என்பதுதான்.

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிரல் எழுதும் வேலையில் சேர்ந்து, இப்போது சிறிய குழு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் ஒருவர் மதிப்பீடு எழுதுகிறார், நானும் சிலருக்கு எழுதுகிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. தனக்குத் தகுதி இருக்கிறதா என்ற இந்தச் சந்தேகத்தை வளர்ப்பதிலும் கரைப்பதிலும், நீங்கள் கவனித்து எழுதும் ஒரே ஒரு பத்திக்கு உள்ள பலம் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் இல்லை. அந்தப் பத்தியைத்தான் உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன்.

தகுதி இருந்தும் தன்னையே போலி என்று நினைக்கும் இந்த உணர்வை இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று இன்று எல்லாரும் பேசுகிறோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் ரோஸ் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகியதில் அவர்கள் கண்டதை அதில் எழுதியிருந்தார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள், தங்கள் துறையில் மதிக்கப்பட்டவர்கள், படிப்பில் சிறந்து நின்ற மாணவிகள். வெளியே இவ்வளவு இருந்தும், உள்ளுக்குள் அவர்களுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது, இவர்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், என்றைக்காவது ஒருநாள் குட்டு உடைந்துவிடும்.

இது எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதை ஒரு சுழலாக விளக்கினார் கிளான்ஸ். புதிய வேலை ஒன்று வருகிறது, கூடவே பயமும் வருகிறது. சிலர் பயத்தில் தேவைக்கு மூன்று மடங்கு தயாராகிறார்கள். சிலர் தள்ளிப்போட்டுக்கொண்டே போய்க் கடைசி நேரத்தில் விழுந்தடித்து முடிக்கிறார்கள். வேலை பெரும்பாலும் நன்றாகவே முடிகிறது. பாராட்டு வருகிறது, கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம் கணக்குப் பார்க்கும் நேரம் வருகிறது. மூன்று மடங்கு உழைத்தவர், 'மாடாக உழைத்ததால் ஒப்பேறியது, திறமை இருக்கிறவனுக்கு இவ்வளவு உழைப்பு எதற்கு?' என்கிறார். கடைசி நேரத்தில் முடித்தவர், 'அதிர்ஷ்டம், இந்த முறை தப்பித்தேன்' என்கிறார். இரண்டு பேர் கணக்கிலும் வெற்றி வரவு வைக்கப்படவே இல்லை. தோல்வி மட்டும் உடனுக்குடன் பற்று எழுதப்படுகிறது. அடுத்த வேலை வரும்போது மறுபடியும் முதலிலிருந்து பயம்.

இதனால்தான் பதவி உயர்வு கொடுத்தால் இவருக்குத் தெளிவு வந்துவிடும் என்ற உங்கள் எதிர்பார்ப்பு பல நேரம் பொய்த்துப்போகிறது. நாற்காலி உயர்ந்தால் விழும் தூரமும் கூடுகிறது என்றுதான் இவர்கள் பார்க்கிறார்கள். முன்பு நாலு பேரை ஏமாற்றினோம், இப்போது நாற்பது பேரை ஏமாற்றுகிறோம் என்று தோன்றுகிறது. பதவி உயர்வு வந்த மாதத்தில் நல்ல வேலைக்காரர் ஒருவர் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஒரு நோய் கிடையாது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடுகளில் இப்படி ஒரு நோய் பட்டியலிடப்படவில்லை. பெண்களிடம் மட்டும் இருப்பதும் கிடையாது. 2020-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 14,161 பேரைப் பற்றிய 62 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. எந்த அளவுகோலால் அளந்தார்கள், எங்கே கோடு போட்டார்கள் என்பதைப் பொறுத்து, இந்த உணர்வு உள்ளவர்கள் 9 சதவீதம் முதல் 82 சதவீதம் வரை என்று வந்தது. ஆண்கள், பெண்கள், இளையவர்கள், ஓய்வை நெருங்குகிறவர்கள் என்று எல்லாரிடமும் இது தென்பட்டது. அந்த ஆய்வாளர்கள் சொன்ன இன்னொரு செய்தி உங்களுக்கு முக்கியமானது. இதற்கென்று ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்த்த ஆய்வு அதுவரை ஒன்றுகூட வெளிவந்திருக்கவில்லை. தன்னம்பிக்கை வகுப்புகளுக்குப் பணம் ஒதுக்கும் மனிதவளத் துறை நண்பர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். வகுப்பு நடத்துகிறவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், சொல்லித்தருவதும் நல்லதாக இருக்கலாம். ஆனால் வகுப்பு முடிந்து அவர் திரும்பி வருவது அதே மேசைக்கு, அதே மீட்டிங்குக்கு, அதே மதிப்பீட்டுப் படிவத்துக்கு.

உங்கள் பக்கம் நடக்கும் ஒரு குழப்பத்தைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. "எனக்கு இந்த இடத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பின்னால் மூன்று வகைக் காரணங்களில் ஒன்று இருக்கலாம். அந்த வேலைக்கு வேண்டிய ஒன்றை அவர் இன்னும் கற்றுக்கொள்ளாமல் இருக்கலாம். அப்படியானால் அவர் சந்தேகம் சரியானது, கற்றுக்கொள்ள நேரமும் ஆளும் கொடுத்தால் போதும். அல்லது அந்த இடமே அவரைத் தினமும் சிறுமைப்படுத்திக்கொண்டிருக்கலாம். அவர் சொன்ன யோசனையை யாரும் காதில் வாங்காமல், பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் அதையே சொன்னதும் தலையாட்டுகிறார்கள். அவர் பேசும் விதத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நல்ல அறிக்கை ஒன்று கொடுத்தால் "யார் உதவி பண்ணினது?" என்று கேட்கிறார்கள். அப்போது அவர் தன்னைத் தவறாக எடைபோடவில்லை, அந்த இடத்தைச் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார். இந்த இரண்டும் இல்லாமல், எல்லாச் சான்றும் அவர் பக்கம் இருந்தும் அவரால் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றால், அதுதான் கிளான்ஸும் ஐம்ஸும் எழுதியது.

ருச்சிகா துல்ஷ்யான், ஜோடி-ஆன் ப்யூரி என்ற இருவர் 2021-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. பெண்களுக்கு, அதிலும் நிறத்தாலும் இனத்தாலும் ஒதுக்கப்படும் பெண்களுக்கு, இம்போஸ்டர் சிண்ட்ரோம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பதை நிறுத்துங்கள், அவர்கள் வேலை செய்யும் இடத்தைச் சரிசெய்யுங்கள் என்றார்கள். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நம் குழுவில் ஒருவர் மட்டும் சுருங்கிப்போனால் அவரோடு பேசலாம். ஒரே மாதிரிப் பின்னணி உள்ளவர்கள் எல்லாரும் சுருங்கிப்போனால், பேச வேண்டியது மற்றவர்களோடு. தயவுசெய்து இரண்டாவது வகைப் பிரச்சினைக்கு மூன்றாவது வகைப் பெயரை வைத்துவிடாதீர்கள்.

இனி, நீங்கள் தினமும் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். மீட்டிங்கிலிருந்து தொடங்கலாம். சிக்கலான ஒன்றை விளக்கி முடித்ததும் "எல்லாருக்கும் புரிந்ததா?" என்று கேட்கிறீர்கள். எல்லாத் தலைகளும் ஆடுகின்றன. புரியாத ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று முடிவுகட்டிக்கொள்கிறார். டேல் மில்லர், கேத்தி மெக்ஃபார்லண்ட் என்ற உளவியலாளர்கள் 1987-இல் இதை ஆராய்ந்தார்கள். வேண்டுமென்றே குழப்பமாக எழுதப்பட்ட கட்டுரை ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, புரியாவிட்டால் வந்து கேட்கலாம் என்றார்கள். மாணவர்கள் கேட்கத் தயங்கினார்கள். கேட்காததற்குத் தன் விஷயத்தில் கூச்சம்தான் காரணம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். மற்றவர்கள் கேட்காததற்கு மட்டும், அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று காரணம் வைத்துக்கொண்டார்கள். நமக்கு நம் உள்ளே நடப்பது தெரிகிறது, அடுத்தவரின் வெளித்தோற்றம் மட்டும் தெரிகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் நாம்தான் தோற்போம்.

இந்தக் கூச்சத்தை எந்த இழப்பும் இல்லாமல் உடைக்க முடிகிற ஆள் அந்த அறையில் நீங்கள்தான். "எனக்கு இந்த இரண்டாவது பகுதி புரிய ரொம்ப நேரம் ஆனது, இங்கேயே கொஞ்சம் நிற்கலாம்" என்று மூத்தவர் ஒருவர் சொன்னால் அந்த அறையே நிம்மதியாக மூச்சு விடுவது தெரியும். "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால், அதைச் சொல்லிவிட்டும் வேலையில் இருக்க முடியும் என்று புதிதாக வந்தவர் தெரிந்துகொள்கிறார். அவருக்கு இதை வேறு யாராலும் சொல்லித்தர முடியாது.

இப்போது நான் கேட்க வந்த பத்தி. இங்கே கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன்.

"சூப்பர், கலக்கிட்டீங்க." "இந்த ஆண்டு மிகச் சிறப்பான பங்களிப்பு." "குழுவுக்குக் கிடைத்த சொத்து." நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள். ஆனால் தன்மேல் சந்தேகம் உள்ளவருக்கு இது ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர். 'மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தால் இப்படிச் சொல்வாரா?' என்று அவர் அதைக் கழித்துவிடுவார். பொதுவான பாராட்டுக்கு எதிராக வாதாடுவது மிகச் சுலபம், அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பாராட்டு பெரிதாகப் பெரிதாக அவருக்கு நடுக்கம்தான் கூடும், ஏனென்றால் இனி அந்த அளவுக்கு நடிக்க வேண்டும் என்று நினைப்பார்.

வேறு மாதிரி எழுதிப் பாருங்கள். "மார்ச்சில் வாடிக்கையாளர் கேட்ட மாற்றத்தை எல்லாரும் ஒப்புக்கொண்டபோது, அது பழைய அறிக்கைகளின் கூட்டுத்தொகையைக் குலைக்கும் என்று நீங்கள் முதல் நாளே சொன்னீர்கள். சொன்னதோடு நிற்காமல் பழைய தரவை வைத்து ஓட்டிக் காட்டினீர்கள். அதனால் திட்டத்தை மாற்றினோம். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் வெளியிட்ட பிறகுதான் தெரிந்திருக்கும்." இதை எப்படிக் கழிப்பார்? அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது, அவர் எடுத்த முடிவு அதில் இருக்கிறது. மேலோட்டம் என்றும் சொல்ல முடியாது, தேதியும் விவரமும் இருக்கின்றன. அவர் என்ன கவனித்தார், என்ன முடிவெடுத்தார், அதனால் என்ன மாறியது. இந்த மூன்றும் ஒரு பத்தியில் இருந்தால் அவர் அதைத் தன் கணக்கில் வரவு வைத்தே ஆக வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவர் தன் மின்னஞ்சல் பெட்டியில் தேடி எடுத்துப் படிப்பது இந்த மாதிரிப் பத்தியைத்தான்.

இது மனநிறைவோடு மட்டும் நிற்கும் விஷயம் கிடையாது, சம்பளமும் பதவியும் இதில் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷெல்லி கொரெல், கரோலின் சிமார்ட் இருவரும் 2016-இல் எழுதியது: மதிப்பீடுகளில் பெண்களுக்குப் பிடிமானம் இல்லாத பாராட்டே அதிகம் கிடைக்கிறது. எந்த வேலையால் என்ன பலன் வந்தது என்று அது சொல்வதில்லை. அப்படி விவரமில்லாத மதிப்பீடு பெற்ற பெண்களுக்கு மதிப்பெண்ணும் குறைவாக இருந்தது, ஆண்களுக்கு அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. அதாவது நீங்கள் "நல்ல ஆண்டு" என்று எழுதிவிட்டு நகரும்போது, ஒருவருக்கு அது போதுமானதாகவும் இன்னொருவருக்கு இழப்பாகவும் முடிகிறது. பதவி உயர்வுக் குழுவில் அவர் பெயர் வரும்போது, எடுத்துப் பேச யார் கையிலும் விவரம் இருக்காது.

குறைகளையும் அதே விவரத்தோடு எழுதுங்கள். பாவம், ஏற்கனவே பயந்துபோயிருக்கிறார், எதற்குக் குறை சொல்வது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அதன் விளைவு தலைகீழாக இருக்கிறது. தன் வேலையில் உள்ள ஓட்டைகள் அவருக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் அவற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், நீங்கள் பார்க்கவே இல்லை என்று முடிவு செய்வார். பார்க்காதவர் தரும் பாராட்டுக்கு என்ன மதிப்பு? "வடிவமைப்பு நன்றாக இருந்தது, ஆனால் சோதனைகளை எழுதாமல் விட்டதால் அடுத்த இரண்டு வாரம் மற்றவர்கள் தடுமாறினார்கள்" என்று சொல்பவர், உண்மையில் படித்திருக்கிறார் என்று தெரிகிறது. அவர் "வடிவமைப்பு நன்றாக இருந்தது" என்று சொன்னதையும் அப்போதுதான் நம்ப முடிகிறது.

ஒருவரை ஒரு பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தால், ஏன் அவர் என்பதையும் சொல்லுங்கள். "வேறு ஆள் இல்லை, நீயே பார்த்துக்கொள்" என்று நடைபாதையில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். உங்கள் மனதில் நல்ல காரணங்கள் இருந்திருக்கும், நேரம் இல்லாததால் சொல்லவில்லை. கேட்டவர் அந்த வாக்கியத்தை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார். ஆள் கிடைக்காததால் வந்த இடம் இது என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு முடிவையும் எடுக்கிறார். புதிதாகச் சேர்பவர்களுக்கும் இது பொருந்தும். நேர்காணலில் அவர் சொன்ன எந்தப் பதில் உங்களை முடிவெடுக்க வைத்தது என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடலாமே.

அடுத்தது யாரும் பேச விரும்பாத விஷயம். தன் மதிப்பில் சந்தேகம் உள்ளவர் எதற்கும் மாட்டேன் என்று சொல்வதில்லை, இது உங்களுக்கும் தெரியும். மீட்டிங் குறிப்பு எழுதுவது, புதியவருக்கு எல்லாம் காட்டிக்கொடுப்பது, விழாவுக்கு ஏற்பாடு செய்வது, யாரும் தொடாத பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் அவர் தலையில் வந்து சேர்கின்றன. தான் இங்கே இருப்பதற்கு ஏதோ வாடகை கட்டுவதாக நினைத்து அவரும் செய்கிறார். லிண்டா பாப்காக்கும் அவரோடு சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இப்படிப்பட்ட வேலைகளைப் பற்றியது, யாராவது செய்தாக வேண்டும், செய்தவருக்குப் பதவி உயர்வில் ஒரு பயனும் இல்லை. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள், பெண்களிடமே அதிகம் கேட்கவும் பட்டது. ஆண்கள் மட்டும் இருந்த குழுவிலோ ஆண்கள் முன்வந்துதான் வேலையை முடித்தார்கள். ஆகவே அது பிறவிக் குணம் கிடையாது, யார் செய்வார் என்ற எதிர்பார்ப்புதான். முறை வைத்துப் பிரித்துக் கொடுத்தால் தீர்ந்துபோகும் பிரச்சினை இது. சம்பளத்திலும் அப்படித்தான். "கேட்டால் தருவோம்" என்ற விதி, கேட்கத் தயங்குகிறவரிடம் ஆண்டுதோறும் வாங்கும் அபராதம். எந்த நிலைக்கு எந்த வரம்பு என்பதை எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் உங்கள் மேல் போடுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதை நாங்களும் செய்ய வேண்டும், பலர் செய்துகொண்டும் இருக்கிறோம். என் குழுவில் சிலர் வாரக் கடைசியில், அந்த வாரம் எடுத்த முடிவுகளை நாலு வரியில் எழுதிவைக்கிறார்கள். முடித்த வேலைகளின் பட்டியலாக அது இருப்பதில்லை, எங்கே யோசித்தார்கள் என்பதன் பதிவாக இருக்கிறது. அப்ரைசல் பெட்டி முன்னால் உட்காரும்போது அதுதான் கைகொடுக்கிறது. பெரிய வேலை தொடங்கும் முன், என்னவெல்லாம் தப்பாகப் போகும் என்று தோன்றுவதைச் சிலர் எழுதிவைத்து, முடிந்த பிறகு எடுத்துப் பார்க்கிறார்கள். பயம் சொன்னதும் நடந்ததும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பது எழுத்தில் தெரியும்போது, அடுத்த முறை பயத்தின் பேச்சை அப்படியே நம்ப மனம் வருவதில்லை. யாராவது பாராட்டினால் "நன்றி" என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பழகுகிறோம். "இல்லை இல்லை, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை" என்ற வாலை வெட்டுவது சின்னக் காரியமாகத் தெரியும். பழகியவர்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, நம்பகமானவர்கள் நாலு பேர் சேர்ந்து பேசுவது. கிளான்ஸும் ஐம்ஸும் அந்த முதல் கட்டுரையிலேயே குழுவாகப் பேசுவதைப் பரிந்துரைத்தார்கள். அடுத்தவர் ஒருவர் தன் வேலையை 'அதிர்ஷ்டம்' என்று தள்ளும்போது, அது எவ்வளவு பொருந்தாத பேச்சு என்று நமக்குப் பளிச்சென்று தெரியும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, நாமும் அதே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைக்கும். இதற்கு நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அந்த நேரத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, அங்கே உட்காராமல் இருப்பது.

தூக்கம் கெட்டு, காலையில் வேலைக்குக் கிளம்புவதே பயமாக மாறிப்போனவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த மடலில் சொல்லியிருக்கும் எதுவும் போதாது. நல்ல உளநல ஆலோசகரிடம் போக நேரமும் செலவும் கிடைக்கும்படி பாருங்கள், அதற்கு அவர் காரணம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலை வராமலும் பாருங்கள்.

தன்னை மதிப்பது என்று நான் சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்தான் இந்த அறையிலேயே பெரிய ஆள் என்று நினைப்பதை நான் சொல்லவில்லை. எனக்கு எது வரும், எது வராது, எதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து வைத்திருப்பது, தெரிந்த அளவுக்குக் குறைந்து நிற்காமல் இருப்பது, அவ்வளவுதான். சந்தேகமே இல்லாதவர்களைக் கொண்டு குழு அமைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பசிமா டெவ்ஃபிக் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட எண்ணங்கள் அடிக்கடி வரும் பணியாளர்கள் மற்றவர்களோடு பழகுவதில் சிறந்தவர்களாக மதிப்பிடப்பட்டார்கள், அவர்களின் கவனம் எதிரில் இருப்பவர் மேல் அதிகம் இருந்தது. பயத்தில் இருந்தால் நன்றாக வேலை செய்வார்கள் என்று இதற்கு யாரும் பொருள் கொள்ளாதீர்கள். அந்தக் கவனம் அவர்களுடைய திறமை. அதையும் மதிப்பீட்டில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மூத்தவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், மூத்த மாணவர்களின் அனுபவங்களை ஒரு மணி நேரம் போல அறிமுகம் செய்தார்கள். சேர்ந்த புதிதில் எங்களுக்கும் இது நமக்கான இடமா என்று இருந்தது, எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியானது என்பதே அதன் சாரம். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்து, அவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இருந்த இடைவெளி பாதியானது. கல்லூரி வேறு, அலுவலகம் வேறு என்பது சரிதான். ஆனாலும் முன்னால் நடந்தவர் சொல்லும் உண்மையான கதைக்கு எவ்வளவு வலிமை என்பதை அது காட்டுகிறது. புதியவர்களை வரவேற்கும் நாளில் நிறுவனத்தின் வெற்றிப் படங்களை ஓட்டுவதற்குப் பதில், கால்மணி நேரம் உட்கார்ந்து, முதல் ஆண்டு உங்களுக்கு எப்படி இருந்தது, எது புரியாமல் இருந்தது, யாரிடம் போய்க் கேட்டீர்கள் என்று பேசுங்கள். ஜெயித்த கதையாக அதை மெருகேற்ற வேண்டாம்.

அடுத்த மதிப்பீட்டுக் காலம் வரும்போது, உங்கள் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் நான் மேலே சொன்ன மாதிரி ஒரு பத்தி எழுதுங்கள். எழுத உட்கார்ந்தால் சிலரைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே நினைவுக்கு வராது. அவர்கள் வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. அவர்கள் வேலை உங்கள் கண்ணில் படும் இடத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான். அவர்களோடு வேலை செய்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கு இப்போதிருந்தே குறித்துவைக்கத் தொடங்குங்கள். எழுதிய பத்தியை மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். அறையில் உங்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு முதல் தடவையாகப் படித்தால் எங்களால் தலையை மட்டும்தான் ஆட்ட முடியும். முன்பே படித்திருந்தால், "இந்த இடத்தில் நான் செய்தது இன்னும் கொஞ்சம் அதிகம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எங்களில் சிலருக்காவது துணிச்சல் வரும்.

அன்புடன்,
மதிப்பீடு வாங்குவதும் எழுதுவதுமாக இருக்கும் ஒரு சக பணியாளர்